வலை பின்னாத சிலந்தி, துரத்தாத ஓநாய்

டார்ச்சை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு இரவுப் புல்தரையில் நடந்தால் புல் மட்டும்தான் தெரியும். அதே டார்ச்சை நெற்றிப்பொட்டோடு ஒட்டி, கண் இருக்கும் உயரத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பத்தடி தள்ளி, புல்லடியில், பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு குண்டூசித் தலை வெளிச்சம் எரியும். அசையாது, மினுக்காது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து போய்க் குனிந்தால், மண் நிறத்தில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருக்கும். அதுதான் ஓநாய்ச் சிலந்தி.

அதன் கண்ணுக்குள், விழித்திரைக்குப் பின்னால், ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. ஹைவேயில் லாரி விளக்கு பட்டு மாட்டின் கண் பளிச்சிடுவதும் இப்படித்தான். வந்த வழியிலேயே ஒளி திரும்புவதால், விளக்கும் நம் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருந்தால்தான் அது நமக்குத் தெரியும். தலையில் மாட்டும் விளக்கு உத்தமம். கைப்பேசி வெளிச்சமும் போதும், ஆனால் ஏழெட்டு அடிக்கு மேல் எட்டாது.

ஏமாற்றுபவையும் உண்டு. பனித்துளி மின்னும், ஆனால் தலையை ஒரு சாண் நகர்த்தினால் அது மினுக்கி, நிறம் மாறி, காணாமல் போகும். சிலந்திக் கண் அதே நிறத்தில் நிற்கும், சிலந்தி திரும்பிக்கொண்டால் சட்டென அணையும். செம்மஞ்சளாக எரிந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி. இரண்டு பெரிய பொட்டுகள் என்றால் தவளை.

பெங்களூரில் இதற்கு ஊரைத் தாண்டிப் போக வேண்டாம். பல ஏரிக்கரைப் பூங்காக்களை இரவில் பூட்டிவிடுவார்கள். பூச்சிமருந்து அடிக்காத அபார்ட்மெண்ட் புல்தரையே போதும். ஜூன் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். மழை விட்டு ஒரு நாள் ஆகியிருக்க வேண்டும், மண் ஈரமாக இருக்கலாம், சொதசொதவென்று இருக்கக் கூடாது. ஏழரை மணிக்கு மேல் கிளம்புங்கள். செக்யூரிட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நெற்றியில் விளக்கோடு புல்லில் குந்தியிருப்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். தோட்டக்காரரிடம் கன்னடத்தில் ‘ஜேடா’ எங்கே இருக்கும் என்று கேட்டால் அவர் படிக்கட்டு மூலையில் தொங்கும் ஒட்டடையைக் காட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நமக்கும் சிலந்தி என்றால் வலைதானே? திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் போட்டு, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது வரை, தமிழ்ச் சிலந்தி நெசவாளிதான்.

இந்தக் குடும்பம் அந்தக் கணக்கில் வராது. பெரும்பாலானவை இரை பிடிக்க வலை கட்டுவதில்லை. 1833-ல் சுண்டேவால் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் வைத்த குடும்பப் பெயர் லைக்கோசிடே. கிரேக்கத்தில் லைக்கோஸ் என்றால் ஓநாய். உலகம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். தரையில் ஓடி வேட்டையாடுவதால் அந்தப் பெயர். ஆனால் அந்தப் பெயரை நம்பிப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். ஓநாய் கூட்டமாகப் போகும், இது தனியாள். ஓநாய் மைல்கணக்கில் விரட்டும், இது பெரும்பாலும் விரட்டாது. நீங்கள் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தொன்பது நிமிடம் அது சும்மா உட்கார்ந்திருக்கும். ஓட்டம் கடைசி இரண்டு அங்குலத்துக்கு மட்டும். கொக்குச் சிலந்தி என்று பெயர் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

முகத்தைப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்திதானா என்று கண்டுபிடிக்க உடம்பின் கோடுகளை நம்ப வேண்டாம், கண்களை எண்ணுங்கள். கீழே ஒரு வரிசையில் நான்கு சின்னக் கண்கள். அதற்கு மேல் முன்னோக்கி இரண்டு பெரிய கண்கள், மோட்டார் காரின் ஹெட்லைட் மாதிரி. அதற்கும் மேலே, சற்றுப் பின்தள்ளி, பக்கவாட்டிலும் மேலேயும் பார்க்கும் இரண்டு நடுத்தரக் கண்கள். நான்கு, இரண்டு, இரண்டு. இந்த அடுக்கு இருந்தால் ஓநாய்ச் சிலந்தி. குடும்பம் வரை இப்படிச் சொல்லிவிடலாம். இனம் வரை போக, வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். புகைப்படத்தை மட்டும் பார்த்து இனப்பெயரை உறுதியாகச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

சின்னக் கண்கள் நான்கில் நடுவில் இருக்கும் இரண்டில் ஒளி திருப்பும் படலம் கிடையாது. மற்ற ஆறும் அசைவைப் பிடிப்பதில் கெட்டி. அசையாத பொருள் அவற்றுக்குக் கிட்டத்தட்ட இல்லாத பொருள்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

இப்போது வேட்டை. நடைபாதைக் கல்லுக்கும் புல்லுக்கும் இடையில் நான்கு விரல் அகலத்துக்குச் செம்மண் தெரியும் இடம். அங்கே பார்டோசா வகை ஒன்று, உடம்பு ஏழெட்டு மில்லிமீட்டர். வயிறு மண்ணைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது, முன்கால்கள் இரண்டும் முன்னால் நீட்டி. மூன்று அங்குலம் தள்ளி, இடப்பக்கம் ஒரு சுவர்க்கோழிக் குஞ்சு சருகிலிருந்து இறங்குகிறது. சிலந்தி நகரவில்லை, திரும்புகிறது. ஒரே வெட்டு, அரை நொடிகூட இல்லை. பக்கவாட்டுக் கண் கொடுத்த செய்திக்குப் பெரிய கண்கள் இரண்டும் இரையின் நேருக்கு வந்தாயிற்று. சுவர்க்கோழி நிற்கிறது. சிலந்தியும் நிற்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சிலந்தி கண்ணை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. காலின் ஓட்டில் நுண்ணிய பிளவுகள் இருக்கின்றன. தரையின் அதிர்வால் ஓடு மயிரிழை வளைந்தாலும் அவை உணரும். காலில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய உணர்முடிகள், இரை கிளப்பும் காற்றசைவையே பிடிக்கும். காய்ந்த சருகு நன்றாக அதிரும், ஈர மண் அவ்வளவு அதிராது. அதனால்தான் சருகு ஓரத்தில் இது அடிக்கடி கிடைக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

சுவர்க்கோழி இன்னொரு அடி வைக்கிறது. அவ்வளவுதான். பாய்ச்சல் கண்ணுக்குத் தெரியாது. முன்பு அங்கே இருந்தது இப்போது இங்கே இருக்கிறது. முன்கால்கள் இரையின் மேல் விழுந்து வாய்ப்பக்கம் இழுக்கின்றன. கால் நுனியின் அடியில் அடர்த்தியாக இருக்கும் முடிகள் வழுக்காமல் பற்றிக்கொள்ளும். இரை திமிறினால் சிலந்தி மல்லாந்து படுத்துவிடும்: எட்டுக் காலும் கூடைபோல் மடங்கி, இரை நடுவில். மல்லாந்தால் இரைக்குக் கால் ஊன்றித் தள்ளத் தரை கிடைக்காது. இதைப் பார்ப்பவர்கள் சிலந்திதான் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பதுண்டு. நச்சுப்பல் இறங்கியதும் விடாமல் பிடித்திருக்கும். இரையின் கால் துடிப்பு ஒவ்வொன்றாக அடங்கும்.

சாப்பாட்டு முறை அவ்வளவு அழகல்ல. வலைச் சிலந்தி மாதிரி இரையை நூலால் பொட்டலம் கட்டிவைத்து உறிஞ்சுவது இங்கே வழக்கமில்லை. செரிமான நீரை இரை மேல் கக்கி, தாடையால் பிசைந்து, கரைந்ததை உறிஞ்சி, மறுபடி கக்கி, மறுபடி பிசையும். முடிவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு உருண்டை விழும். அடுத்த நாள் காலையில் அந்த இடத்தில் உருண்டை கிடந்தால் ராத்திரி வேட்டை நடந்தது என்று அர்த்தம்.

இந்த வேகம் நீடிக்காததற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. சிலந்தியின் காலில் முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடம்புத் திரவத்தை அழுத்திச் செலுத்தித்தான் காலை நீட்ட வேண்டும், ஹைட்ராலிக் ஜாக்கி மாதிரி. செத்த சிலந்தியின் கால்கள் மடங்கிக் கிடப்பது அழுத்தம் போய்விட்டதால்தான். வேகமாக ஓடினால் சீக்கிரம் களைத்துவிடும். பிடிக்க நினைப்பவருக்கு இது உதவும்: ஓடுவதைத் துரத்திக் கையால் அமுக்காதீர்கள், கால் உடையும். கண்ணைவிட்டு மறையாமல் பின்னால் போங்கள். நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு தானே நின்றுவிடும். அப்போது கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டி அட்டை ஒன்றை அடியில் செருகுங்கள்.

ஓரிரு இரவு வைத்துப் பார்க்க விரும்பினால், ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் டப்பா, அடியில் மூன்று சென்டிமீட்டர் செம்மண், ஒரு மூலையில் சருகு, பாட்டில் மூடியில் நனைத்த பஞ்சு. மூடியில் ஊசியால் துளை. ஒரு டப்பாவில் ஒரே சிலந்தி; இரண்டு போட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும், அது குண்டாக இருக்கும். இரை அதன் வயிற்றைவிடச் சின்னதாக இருக்கட்டும்: கரப்பான் குஞ்சு, சுவர்க்கோழிக் குஞ்சு, ஈ. எறும்பு போடாதீர்கள், கட்டெறும்பு சிலந்தியையே முடித்துவிடும். அடித்த கொசுவைப் போட்டுவிட்டு ‘சாப்பிட மாட்டேன் என்கிறது’ என்று கவலைப்படுவதிலும் அர்த்தமில்லை. முன்பு சொன்னதுதான், அசையாதது அதன் கணக்கில் இல்லை. நூலில் கட்டி இழுத்தால் ஒருவேளை பாயும். சிவப்புக் கண்ணாடித்தாளை டார்ச்சில் சுற்றிப் பார்த்தால் தொந்தரவு குறைவு; சிவப்பு வெளிச்சம் இவற்றுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இரையைத் தொடாமல் பல நாள் இருந்தால் தோலுரிக்கப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். உடனே உயிருள்ள இரையை வெளியே எடுத்துவிட வேண்டும். புதுத் தோல் இறுகும்வரை சிலந்தி வெறும் மெத்தை. சுவர்க்கோழி அதைக் கடித்துத் தின்றுவிடும். பட்டினி பற்றிப் பயம் வேண்டாம், வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீர் இல்லாமல் போனால்தான் சாகும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

வலை கட்டாது என்று சொன்னேன். ஹிப்பாசா என்ற பேரினம் அந்த விதியைப் பொய்யாக்க நம் ஊரிலேயே இருக்கிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் காலை ஆறரைக்கு லால்பாக் பக்கமோ கப்பன் பார்க் பக்கமோ போனால், புல்தரை மேல் உள்ளங்கை முதல் சாப்பாட்டுத் தட்டு வரையிலான அளவில் பனி பூத்த விரிப்புகள் தெரியும். ஒரு ஓரம் புனல்போல் குழிந்து கீழே போகும். அதன் வாயில் முன்கால் இரண்டையும் விரிப்பில் ஊன்றிக்கொண்டு ஹிப்பாசா காத்திருக்கும். நூலில் பசை கிடையாது. பூச்சி விரிப்பில் தடுக்கித் தடுமாறும் அந்த நேரம் போதும். சிலந்தி மேலேயே ஓடிவந்து கவ்வி, புனலுக்குள் இழுத்துப்போகும். இதுவும் உட்கார்ந்து பார்க்கும் வேட்டைதான். தரைக்குப் பதில் தானே நெய்த தரை, அவ்வளவு. வெயில் ஏறிப் பனி காய்ந்தால் வலை கண்ணுக்கே தெரியாது. எட்டரைக்குப் போய்விட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லக் கூடாது.

எத்தனை வகை நடமாடுகிறது என்று தெரிய வேண்டுமானால் டார்ச் போதாது, குழிப்பொறி வைக்க வேண்டும். செலவு பெரிதாக இல்லை: எட்டு சென்டிமீட்டர் வாயும் பத்து சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வழவழப்பான பிளாஸ்டிக் டம்ளர்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் புதையுங்கள். உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து வைக்கலாம், ஒவ்வொரு முறையும் குழி சரியாது. இரண்டின் அடியிலும் மழைநீர் வடிய ஊசித் துளைகள். இதில் முக்கால்வாசிப் பேர் தப்புச் செய்வது விளிம்பில்தான். விளிம்பு மண்மட்டத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் சிலந்தி அதைச் சுவராக நினைத்துச் சுற்றிக்கொண்டு போய்விடும். மண்மட்டமாகவோ ஒரு நூல் கீழாகவோ இருக்க வேண்டும். சுற்றிலும் மண்ணைக் கையால் அணைத்து, இடைவெளி இல்லாமல் தடவிவிடுங்கள். மேலே ஓட்டுத் துண்டு ஒன்றை மூன்று கூழாங்கல்லின் மேல், மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் கூரையாக வையுங்கள். உள்ளே இரண்டு சருகு போடுங்கள். ஒளிய இடம் இல்லாவிட்டால் விழுந்தவை ஒன்றையொன்று தின்றுவிடும். மாலை ஆறுக்கு வைத்து, காலை ஆறுக்குப் பார்த்து, படம் எடுத்து, விட்டுவிட வேண்டும். வெயில் ஏறும்வரை விட்டால் எல்லாம் வெந்துவிடும், அல்லது எறும்பு சாரையாக வந்து காலி செய்துவிடும். பார்த்து முடித்த குழிகளை மூடாமல் போகாதீர்கள். அரசுப் பூங்காவிலும் காட்டுப் பகுதியிலும் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. பொறியில் ஆண்கள் அதிகம் விழுந்தால், அங்கே ஆண்கள் அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். பெண் தேடி அலைவது ஆண்; நிறைய நடப்பவன்தான் நிறைய விழுவான். பொறி எண்ணுவது தலைகளை அல்ல, நடையை. முகத்துக்கு முன்னால் குட்டைக் கால் மாதிரி இருக்கும் உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் உப்பியிருந்தால் வளர்ந்த ஆண்.

மாட்டு வண்டியும் கரும்பு லாரியும் போகும் மண்டியா பக்கத்து வயல்களுக்கோ, சொந்த ஊர் என்று தஞ்சாவூர்ப் பக்கமோ போகிறவர்கள் நெல்வயலில் குனிந்து பார்க்கலாம். நாற்றின் அடியில், தண்ணீர் மேலேயே ஓடும் சிலந்தி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் பார்டோசா சூடோஅன்னுலேட்டா. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு ஆசிய நெல்வயல்களில் இருக்கும் முக்கிய எதிரிகளில் ஒன்று. நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து இரை வரை தின்னும். புகையான் வருவதற்கு முன்பே வயலில் குடியேறி, சேற்றில் மக்குவதைத் தின்னும் சின்னப் பூச்சிகளைச் சாப்பிட்டுப் பெருகியிருக்கும். பயிர் இளசாக இருக்கும்போதே மருந்தடித்தால் முதலில் சாவது இதுதான். புகையானின் முட்டைகள் இலையுறைக்குள் பத்திரமாக இருந்து, பொரிந்து வரும்போது தின்ன ஆளில்லாத வயல் அவற்றுக்குக் கிடைக்கும். மருந்தடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாக வருவதன் சூட்சுமம் இதுதான். இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான். அபார்ட்மெண்ட் புல்தரைக்கும் இதே கணக்குதான், அளவு மட்டும் சின்னது. பைரித்ராய்டு வகை மருந்துகளை ஓநாய்ச் சிலந்தி தாங்காது.

வீட்டுக்குள் வந்தால்? முதலில், குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டியிருப்பது ஓநாய்ச் சிலந்தி இல்லை. நண்டு மாதிரிக் காலைப் பக்கவாட்டில் பரப்பியிருக்கும் அது வேறு குடும்பம், கரப்பான் தின்பது. ஓநாய்ச் சிலந்தி தரையில் ஓடும், வழவழப்பான டைல்ஸ் சுவரில் ஏறத் திணறும். காலி பக்கெட்டில் விழுந்தால் வெளியே வரத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கடிக்குமா என்றால், அமுக்கினால் கடிக்கும். ஆஸ்திரேலியாவில் 45 ஓநாய்ச் சிலந்திக் கடிகளைத் தொடர்ந்து பார்த்து 2004-ல் வெளிவந்த ஆய்வில் வலி, சிவப்பு, அரிப்புக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை; சதை அழுகிப்போகும் என்ற பழிக்கு ஆதாரம் ஒரு கடியில்கூட இல்லை. டம்ளரும் அட்டையும் போதும்.

துடைப்பத்தை ஓங்குவதற்கு முன் முதுகைப் பாருங்கள். தாய் முட்டைப்பையை நூல் சுரக்கும் இடத்தில் ஒட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டே திரியும். வெள்ளையாகவோ மண்நிறமாகவோ கடலைப் பருப்பு அளவு உருண்டை. பிடிக்கும்போது அது கழன்றுவிட்டால் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்குங்கள், தேடி எடுத்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். தொடுகையால் தேடுவதால் பக்கத்தில் அதே அளவில் காகித உருண்டை இருந்தால் அதையும் ஒட்டிக்கொண்டு போகும். இருட்டில் கண்டுபிடித்த இரையை அரை நொடியில் கவ்வும் பிராணிக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

குஞ்சு பொரிந்ததும் தாயே பையின் தையலைக் கடித்துப் பிரித்துவிடும். குஞ்சுகள் காலைப் பிடித்து ஏறி முதுகில் அடுக்கடுக்காக உட்காரும். நெல்வயல் பார்டோசாவின் முதுகில் அறுபது, எண்பது வரை இருக்கும். நெற்றி டார்ச்சில் பார்த்தால் தாய் முழுவதும் ஜிகினா ஒட்டியதுபோல் மின்னும், ஒவ்வொரு குஞ்சுக்கும் கண்ணில் அதே படலம் இருப்பதால். செருப்பால் அடித்தவர்கள் ‘ஒன்று நூறானது’ என்று சொல்லும் கதை இந்த முதுகில்தான் பிறக்கிறது. குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு வாரம், உடம்புக்குள் மீந்த முட்டைக்கருவை வைத்தே காலம் தள்ளும். இரை தேவையில்லை, சண்டையும் இல்லை. இறங்கிய அன்றே அந்த ஒற்றுமை தீர்ந்துவிடும். தாயோடு பிடித்து டப்பாவில் வைத்திருந்தால் அதற்குள் வெளியே விட்டுவிடுங்கள். புல்லடியில் கொண்டுபோய்ச் சாய்த்தால் போதும், மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும்.